முதல் செக்கர்ஸ் போட்டியில் உட்காருவதற்கு முன்னால்

தெரிந்தவர்களை எல்லாம் தோற்கடித்தாகிவிட்டது, சரி, ஒரு போட்டியில் ஆடிப் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்வது 8-க்கு 8 கட்டத்தில் ஆளுக்கு 12 காய் வைத்து ஆடும் செக்கர்ஸ், பிரிட்டனில் இதையே டிராஃப்ட்ஸ் என்பார்கள். 10-க்கு 10 கட்டத்தில் ஆளுக்கு 20 காய் வைத்து ஆடுவது வேறு ஆட்டம். அதில் சாதாரணக் காய் பின்னாலும் வெட்டும், ராஜா ஒரே நகர்வில் பல கட்டம் தாண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் விதிகள், ஏனென்றால் வீட்டுக்கு வீடு ஒரு விதி வைத்துத்தான் நாம் எல்லாரும் கற்றிருக்கிறோம். வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். இரண்டு வழி இருந்தால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், அதிகக் காய் கிடைக்கும் வழியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் எடுத்த வழியைக் கடைசிவரை வெட்டி முடிக்க வேண்டும். சாதாரணக் காய் வெட்டிக்கொண்டே போய்க் கடைசி வரிசையைத் தொட்டால் ராஜாவாகும், அதோடு அந்த முறை முடிந்தது. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். முதல் நகர்வு கருங்காய்க்கு. வெட்டாமல் விட்டவரின் காயைத் தண்டனையாகத் தூக்கும் பழைய வழக்கம் இப்போது போட்டிகளில் கிடையாது.

அப்புறம் எண்கள். ஆடும் கட்டங்களுக்கு, அதாவது காய்கள் நகரும் கருநிறக் கட்டங்களுக்கு, 1 முதல் 32 வரை எண் உண்டு. கருப்பு 1 முதல் 12 வரை நிற்கும், வெள்ளை 21 முதல் 32 வரை. நல்ல ஆட்டக்காரர்கள் பேசுவதே இந்த எண்களில்தான். உதாரணமாக, கருப்பு 11-15 (11-இலிருந்து 15-க்கு), வெள்ளை 22-18. இது ரொம்பப் பழைய, எல்லாருக்கும் தெரிந்த தொடக்கம், பெயர் சிங்கிள் கார்னர். கருப்பு 15-இலிருந்து 18-ஐ வெட்டி 22-க்குப் போயே தீர வேண்டும். இப்போது வெள்ளை அந்தக் காயை 25-இலிருந்து வெட்டி 18-க்கு வரலாம், அல்லது 26-இலிருந்து வெட்டி 17-க்கு வரலாம். ஆளுக்கு ஒரு காய் போயிருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் 18-இல் நிற்கும் காயும் 17-இல் நிற்கும் காயும் வேறு வேறு ஆட்டத்தைக் கொண்டுவரும். பலகையில் காய் வைத்து இரண்டையும் ஆடிப் பாருங்கள், 18 நடுக்கட்டம் என்பதால் அங்கே வருவதைத்தான் பெரும்பாலோர் விரும்புவார்கள்.

தொடக்கத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் கடைசிக்கட்ட ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வேன். இரட்டை மூலையில், அதாவது இரண்டு ஆடும் கட்டங்கள் சேர்ந்திருக்கும் மூலையில், ஒளிந்திருக்கும் ஒற்றை ராஜாவை இரண்டு ராஜாக்களால் பிடிக்கத் தெரிய வேண்டும். மூன்று ராஜாவுக்கு எதிராக இரண்டு என்றால் ஒன்றுக்கு ஒன்று வெட்டக் கொடுத்து, இரண்டுக்கு ஒன்றாகக் குறைக்கத் தெரிய வேண்டும். கருங்காய் ஆடும்போது 1-லும் 3-லும் நிற்கும் காய்களை அவசரப்பட்டு நகர்த்தாதீர்கள். தனியாக வரும் ஒரு வெள்ளைக் காய் 6-க்கு வந்தால் 1 வெட்டும், 7-க்கோ 8-க்கோ வந்தால் 3 வெட்டும், 5-க்கு வந்தால் 1 வழியை மறித்து நிற்கும். இரண்டே காய் நான்கு கட்டத்தையும் காக்கிறது! வெள்ளைக்கு அதே வேலையை 30-ம் 32-ம் செய்யும்.

இன்னொன்று, மூவ் என்று சொல்வார்கள். இரு தரப்பிலும் காய் எண்ணிக்கை சமமாக இருந்து, உங்கள் முறை வரும்போது, உங்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் இருக்கும் நான்கு ஆடும் கட்டங்களிலிருந்து நேராக மேலே போகும் நான்கு நெடுவரிசைகளை மட்டும் பாருங்கள். அவற்றில் நிற்கும் காய்களை, உங்களுடையது எதிராளியுடையது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் மூவ் உங்களிடம், அதாவது கடைசியில் ஒருவரையொருவர் நெருக்கும்போது வழிவிட வேண்டியவர் எதிராளி. காய் குறைந்த ஆட்டங்களில் இது பல சமயம் முடிவையே தீர்மானிக்கும்.

போட்டியில் நமக்குப் பிடித்த தொடக்கத்தை எப்போதும் ஆட முடியாது. பெரிய ஆட்டக்காரர்கள் பத்திரமான வழிகளையே திரும்பத் திரும்ப ஆடி டிரா செய்ததால் முதலில் இரண்டு நகர்வையும், பிறகு அமெரிக்காவில் 1934 முதல் மூன்று நகர்வையும் சீட்டுப் போட்டு எடுக்கும் முறை வந்தது. அனுமதித்த தொடக்கங்கள் 150-க்கும் மேல். வந்த தொடக்கத்தை இருவரும் இரண்டு ஆட்டம், பக்கம் மாற்றி ஆடுவார்கள், அதனால் மோசமான பக்கம் ஒருவர் தலையில் மட்டும் விழாது. பிடித்ததை ஆடலாம் என்ற போட்டியும் தனியாக உண்டு, புதியவர்கள் அதில் தொடங்குவது நல்லது. சீட்டு முறைக்குத் தயாராகும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்காமல், வாரத்துக்கு ஒரு தொடக்கம் எடுத்து, கருப்பாகவும் வெள்ளையாகவும் ஆடுங்கள். பலவீனமான பக்கத்தில் உட்கார்ந்து டிரா வாங்கப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி.

கணினி முடிவைக் கண்டுபிடித்துவிட்ட ஆட்டத்தை ஏன் ஆடுகிறீர்கள் என்று கேட்பார்கள். உண்மைதான், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷாஃபரின் குழு 2007-இல் நிரூபித்தது: இருவரும் தவறே செய்யாவிட்டால் ஆட்டம் டிரா. ஆனால் சாத்தியமான நிலைகள் 5-க்குப் பின்னால் 20 சுழியம் போட்ட அளவு, அதை யார் மனதில் வைத்திருக்க முடியும்? அதே குழு எழுதிய, செக்கர்ஸ் ஆடும் சினூக் நிரலோடு 1992-இல் லண்டனில், பல ஆண்டுகள் உலகச் சாம்பியனாக இருந்த மேரியன் டின்ஸ்லி மோதி, 4 வெற்றி, 2 தோல்வி, 33 டிரா என்று ஜெயித்தார். அந்த 33 டிராக்களையும் சும்மா முடிந்த ஆட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

கிங்ஸ்ரோ, கேக் போன்ற செக்கர்ஸ் நிரல்களைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஆட்டம் முடிந்த உடனே திறக்காதீர்கள். முதலில் எதிராளியிடம் கேளுங்கள். செக்கர்ஸ் ஆடுபவர்கள் தோற்கடித்த கையோடு காயைத் திரும்ப அடுக்கி, இங்கேதான் விட்டீர்கள் என்று காட்டித் தருவார்கள். என்னை ஒரு பெரியவர் 40 நிமிடம் உட்கார வைத்து ஒரே ஒரு நிலையை விளக்கினார், அடுத்த சுற்று தொடங்கக் கூப்பிட்டபோதுதான் எழுந்தோம். அப்படிக் கிடைப்பதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நீங்கள் ஜெயித்திருந்தாலும் அவர் கேட்டால் உட்கார்ந்து காட்டுங்கள்.

ஆடும்போது பேசாதீர்கள், காயை நேராக்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டுத் தொடுங்கள், டிரா கேட்பதென்றால் ஒரு முறை கேட்டுவிட்டு விடுங்கள். கடிகாரத்தோடு வீட்டிலேயே பழகுங்கள். மணிக்கு 30 நகர்வு என்பது பழைய வழக்கம், கேட்கத் தாராளமாகத் தோன்றும், சிக்கலான இடத்தில் ஒரே நகர்வு பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். நகர்வுகளைத் தாளில் எழுதிக்கொண்டே ஆடுங்கள், அன்று ராத்திரியே அந்தத் தாளை வைத்து முழு ஆட்டத்தையும் ஒருமுறை பலகையில் ஓட்டிப் பாருங்கள், எந்த எண்ணில் கை தயங்கியது என்று அப்போது ஞாபகம் இருக்கும்.