உப்புக்காற்றில் நின்ற வண்டி: பழைய பைக் வாங்கும்போது நம் கடற்கரையில் செய்யும் தவறுகள்

பழைய பைக் பார்க்கப் போகிறவர் முதலில் சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்து காதைக் கொடுப்பார். "இன்ஜின் கும்முனு இருக்கு" என்று தோன்றிவிட்டால் பாதி விலை பேசி முடிந்த மாதிரிதான். மதுரையில் நிற்கும் வண்டிக்கு இது ஓரளவு போதும். நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, அதிலும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கம், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இங்கே வண்டியைத் தின்பது கிலோமீட்டர் அல்ல, உப்பு. இன்ஜின் போயிருந்தால் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன் மாற்ற இவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் கணக்குச் சொல்லிவிடுவார், அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். வண்டியின் இரும்புச் சட்டமான சாஸி உளுத்திருந்தால் கழிக்கக் கணக்கே கிடையாது.

கழுவி வைத்த வண்டியைப் பார்ப்பது

விற்கிறவர் நல்லெண்ணத்தில்தான் வாட்டர் வாஷ் செய்து வைப்பார். அதற்கு மேல் டீசலோ கழிவு ஆயிலோ அடித்துவிட்டால் துரு கறுத்துப்போய் பழைய பெயின்ட் மாதிரி மினுங்கும். ஒரு வெள்ளைத் துணியால், பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். வெறும் அழுக்கு வந்தால் பரவாயில்லை. எண்ணெயோடு செம்பொடி சேர்ந்து வந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

போனிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, கழுவ வேணாம், ஸ்டார்ட்டும் பண்ண வேணாம், காலையில வந்து அப்படியே பாக்குறேன்." போனதும் இன்ஜின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் வரும் சிக்கலை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். டீ குடித்துவிட்டு ஆறியபின் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீரில் கழுவுவார்கள் என்பதையும் கேளுங்கள். கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. வாரம் தவறாமல் உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிய வண்டியைவிட, ஷெட்டுக்குள் தூசி படிந்து நின்ற வண்டி மேல்.

அடிவயிற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு போன் டார்ச்சை அடியுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்விங் ஆர்ம் சாஸியோடு சேரும் இடம், பேட்டரி உட்காரும் தட்டு, சைடு ஸ்டாண்டு தொங்கும் பிராக்கெட்டின் வெல்டிங், இன்ஜினைத் தாங்கும் கீழ்ப் போல்ட்டுகள், பின் மட்கார்டுக்கு உள்ளே ஓடும் குழாய்கள். பேட்டரித் தட்டுதான் முதலில் போகும். பழைய பேட்டரியின் ஆசிட் ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்து அதைச் சல்லடையாக்கிவிடும்.

எல்லாத் துருவும் ஒன்றல்ல. கட்டைவிரலால் தேய்த்தால் பொடியாக வந்து, அடியில் வழவழப்பான இரும்பு தெரிந்தால் அது மேல்துரு. தேய்த்து பிரைமர் அடித்தால் நிற்கும். அப்பளம் போல அடுக்கடுக்காக உரிந்து வந்தால் இரும்பின் கனமே குறைந்துபோயிருக்கிறது. அங்கே ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல குழாய் 'டங்' என்று பதில் சொல்லும், உளுத்தது 'பொத்' என்று அடங்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், அந்த வண்டிக்கு எந்த விலையும் மலிவு இல்லை.

வெயிலில் ஸ்டிக்கர் வெளுத்துப்போன வண்டிக்கு சாஸி மட்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கம்பெனியில் பெயின்ட் அடித்த பிறகுதான் போல்ட் மாட்டுவார்கள், வயர் கட்டுவார்கள். போல்ட் தலைமேலும் வயர்மேலும் பெயின்ட் ஏறியிருந்தால் அது பட்டறை வேலை. கம்பெனி வெல்டிங் சீரான வரிகளாக இருக்கும், ஒட்டுப்போட்டது புற்றுமண் போலத் திரண்டிருக்கும். துருப்பிடித்து மெலிந்த குழாயில் போட்ட ஒட்டு, ஒட்டில் விடாது, அதற்குப் பக்கத்தில் விரியும். இரண்டு பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும் நாளில்தான் அது தெரியவரும்.

மீன் ஏற்றிய வண்டியா என்று கேட்காமல் விடுவது

நேரடியாகக் கேட்டால் "வீட்டு வண்டிதான் தம்பி" என்றுதான் வரும். வண்டியிடமே கேட்டுவிடுவது நல்லது. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் பெட்டியின் மூலையிலிருந்து சொட்டும்போது ஒரே இடத்தில்தான் விழும்: பின் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், செயின் கவர், பின் வீல் ஸ்போக்குகள். முன்பக்கம் சுமாராக இருந்து பின்பக்கம் மட்டும் அரித்திருந்தால் பெட்டி கட்டிய வண்டி. கேரியரில் புதிதாகத் துளைத்த ஓட்டைகள், பின் பேனலில் ரப்பர் கயிறு உராய்ந்த தடம் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். சீட்டைக் கழற்றி மோந்து பாருங்கள். எத்தனை முறை கழுவினாலும் சீட்டின் அடி ஸ்பாஞ்ச் வாடையை விடாது.

மீன் ஏற்றியது குற்றமல்ல, அதற்கேற்ற விலை இருக்க வேண்டும். ஸ்போக் வீலாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டி ஒலியைக் கேளுங்கள். ஒலி மந்தமானது தளர்ந்திருக்கிறது. ஸ்போக்கை இறுக்கும் நிப்பிள் துருவேறி இறுகியிருந்தால் அதை முறுக்கவும் முடியாது, ஸ்போக்தான் முறியும்.

ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவை 'சின்ன வேலை' என்று நம்புவது

"ஆயில் சீல் மாத்தினா போதும்" என்பார்கள். மற்ற ஊரில் அது உண்மை. இங்கே முன் வீலைத் தாங்கும் ஃபோர்க் பைப்பை நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. நகம் ஒரு இடத்திலாவது தட்டினால், குரோம் பூச்சில் உப்பு குழி போட்டிருக்கிறது. பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் விளிம்பு அரம் போலச் சீலை அறுக்கும். புதுச் சீல் போட்டாலும் சீக்கிரமே மறுபடி ஒழுகும். ஒழுகும் எண்ணெய் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் பட்டால் பிரேக் பிடிக்காது. ஆக, சீல் விலையை அல்ல, இரண்டு பைப்புகளின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

டேங்க்கின் வெளியழகில் மயங்குவது

மூடியைத் திறந்து போன் டார்ச்சால் உள்ளே பாருங்கள். தீக்குச்சி, லைட்டர் பக்கமே போகக் கூடாது. அடிப்பகுதி செங்கல் நிறத்தில் இருந்தால் அந்தத் துரு பெட்ரோலோடு கிளம்பும். கார்புரேட்டர் வண்டியில் ஜெட் அடைக்கும், கழற்றிச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் இன்ஜெக்ஷன். அவற்றில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கும், துரு சேர்ந்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து செலவு வைக்கும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு என்பதால், கொஞ்சமே பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியை இன்னும் கவனமாகப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் விட்டுப்போன வண்டி, 'ஓடாத வண்டி, புதுசு மாதிரி' என்று விற்பனைக்கு வருவது இந்த வகைதான்.

ஒரு சின்னக் காந்தத்தை டேங்க்மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் நெளிவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள். சைலன்சரைக் கீழிருந்து பாருங்கள், மேலே சில்வர் பெயின்ட் அடித்து அடியில் ஓட்டை இருப்பது சகஜம்.

வயரைத் தொடாமல் விடுவது

இரண்டு கனெக்டரையாவது பிரித்துப் பாருங்கள். செம்புப் பின்னில் பச்சைப் பொடி பூத்திருந்தால், இன்றைக்கு எல்லா விளக்கும் எரியலாம், வாடைக்காற்றும் ஐப்பசி மழையும் வந்ததும் ஒவ்வொன்றாக அணையும். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் நிற்கும்போது பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேட்டரி மாற்றிப் பயனில்லை, சார்ஜிங்கில் கோளாறு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சுற்றுகின்றன. 2023 டிசம்பரில் சென்னையும் அதே மாதம் தூத்துக்குடியும் மூழ்கின. டி.என். 69 என்று தொடங்கும் தூத்துக்குடி வண்டி நம் பக்கம் விலைக்கு வருவது புதிதல்ல. அதனாலேயே அதை ஒதுக்க வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையிலும் ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் வண்டல் படிந்திருக்கிறதா, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது

குறைந்தது நான்கைந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கிளட்ச்சை மேட்டில் சோதிக்கச் சொல்வார்கள், நம் மாவட்டத்தில் மேட்டுக்கு எங்கே போவது? டாப் கியரில் 40இல் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் முன்னால் ஓடி, வண்டி பின்னால் வந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. வண்டி நேராகப் போகிறதா என்று பாம்பன் பாலத்தில் சோதிக்காதீர்கள். கச்சான் காற்று தள்ளும்போது புது வண்டியும் ஒரு பக்கம்தான் சாயும். காற்று இல்லாத காலையில் நேரான சாலையில் பாருங்கள்.

நிறுத்தியதும் முன் வீலைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று உட்கார்ந்தால் ஹாண்டில் கழுத்தின் பேரிங்கான கோன்செட் போய்விட்டது. பின் வீலை இடவலமாக ஆட்டி ஸ்விங் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். பின் பல்சக்கரத்தின் பின்பக்கம் செயினை விரலால் இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட் மாற்ற வேண்டும். புகையில் நீலம் தெரிந்தால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை ஈரம்தான், பயப்பட வேண்டாம்.

டயரில் பட்டன் தேய்மானத்தை எல்லாரும் பார்ப்பார்கள், தேதியைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். சீமைக்கருவேல முள் ஊரில் டியூப்லெஸ் டயரில் எத்தனை இடத்தில் பஞ்சர் திரி குத்தியிருக்கிறது என்றும் எண்ணிவிடுங்கள். மீட்டர் 18,000 காட்ட, கியர் லீவர் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட்டும் வழித்தெடுத்திருந்தால், ரப்பரை நம்புங்கள்.

பேப்பரை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நம் கரையோரத்தில் அவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார், தம்பியோ மச்சானோ விற்பார். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்து வேண்டும், பதிவான செல் நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டியிருக்கும். "கையெழுத்தை நாங்களே போட்டுத் தர்றோம்" என்றால் வேண்டாம். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு 31ஆம் படிவத்தில் மாற்ற வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் பைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்றும்) 35ஆம் படிவமும் கையில் இருக்க வேண்டும். 'கடன் கட்டியாச்சு' என்ற வாய்வார்த்தை போதாது. அபராதம் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

விற்கிறவர் பெயர் மாற்றத்தை இழுத்தடித்தால் அவருக்கே ஒன்றை நினைவூட்டுங்கள்: விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் மறுநாளே கையெழுத்துப் போட வருவார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், ஒரு பகுதியைப் பெயர் மாறும் வரை பிடித்து வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

சாஸி நம்பரை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஹாண்டில் கழுத்தின் பக்கவாட்டில் அடித்திருக்கும், உப்பு அதையும் விடாது. தெரியவில்லையே என்று உப்புத்தாளால் தேய்த்தால் இரும்போடு எழுத்தும் போகும், பிறகு திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் தாளில் விழுந்தால் மேலே பேசலாம். இரண்டு எழுத்து விழவில்லை என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டித் தீர்த்துவிட்டு வரச் சொல்லி விற்கிறவரிடமே விட்டுவிடுங்கள்.