பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகத்தைக் கழிக்கலாம்?

மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் நூலக அலமாரியை ஒழுங்குபடுத்த உதவினேன். கிழிசலைவிட எனக்குக் கவலை தந்தது பழைய தகவல்தான். புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் புத்தகத்தைப் பிள்ளைகள் அப்படியே நம்பிப் படிக்கிறார்கள்; 2006-லேயே அது குறுங்கோள் ஆகிவிட்டது. அட்லஸை எடுத்தால் முதலில் தெலங்கானாவைத் தேடுங்கள். இல்லையென்றால் அது 2014-க்கு முந்தையது. தேனியை இன்னும் மதுரை மாவட்டத்துக்குள் காட்டும் வரைபடம்கூட அங்கே இருந்தது!

அப்புறம் பூச்சி. ராமபாணம் அரித்த புத்தகத்தை உடனே தனியாக எடுத்து வையுங்கள், பக்கத்துப் புத்தகங்களுக்கும் போய்விடும். முதுகு மட்டும் பிரிந்திருந்தால் பைண்டிங் செய்தாலே போதும்.

ஊர் வரலாறு, பள்ளி ஆண்டு மலர், மறுபதிப்பு வராத தமிழ் நூல்கள் இவற்றை எவ்வளவு நைந்திருந்தாலும் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். வைக்க இடமே இல்லையென்றால், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மற்றதைத் தலைமையாசிரியர் ஒப்புதலோடு இருப்புப் பதிவேட்டில் கழித்து எழுதி, பள்ளி முத்திரையின் மேல் ‘நீக்கப்பட்டது’ என்று குறித்த பிறகே வெளியே அனுப்புங்கள்.