புயல் போன பிறகு செய்யக்கூடாதவை: ஒரு கபடிக்காரனின் புலம்பல்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தென்பெண்ணை கரையோரம் ஒரு கிராமத்துக்கு அரிசி மூட்டைகளோடு போயிருந்தோம். ஊர்ப் பையன்கள் வீடு வீடாகச் சேற்றை வழித்து, ஊறிப்போன மெத்தை, உடைந்த ஓடு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிராக்டர் நேராகப் போய் அவர்களுடைய வாலிபால் திடலில் கொட்டியது.

"தம்பி, இங்க ஏன் கொட்டுறீங்க?"

"வேற எடம் இல்லண்ணே. ரெண்டு நாள்ல அள்ளிருவோம்."

2018 நவம்பரில் இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். பேராவூரணிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கபடிக் குழு நடத்துகிறேன். 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, விடிவதற்குள் எங்கள் ஊரின் கூரை, தென்னை, மின்கம்பம் மூன்றையும் படுக்கவைத்துவிட்டது.

அறுந்த கம்பியைத் தொடாதே, இடிந்த சுவருக்குக் கீழே நிற்காதே, போட்டோ எடுத்து வை. இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாததற்கு வருகிறேன்.

விளையாட்டுத் திடலில் கொட்டுவது

புயலுக்கு மறுநாள் ஊரில் காலியாக இருக்கும் ஒரே இடம் திடல்தான். அதனாலேயே எல்லோர் கண்ணும் அங்கே போகும். எங்கள் ஊரில் அந்த யோசனையைச் சொன்னதே நான்தான். ரோட்டைத் திறந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும், தண்ணீர் லாரி வரும் என்ற அவசரம். ரோட்டை மறித்துக் கிடந்த தென்னைகளை அறுத்துத் திடலுக்கு உருட்டினோம். அதைப் பார்த்துத் தோப்புக்காரர்களும் உருட்டினார்கள். பின்னாலேயே உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சட்டம், பிய்ந்த கதவு எல்லாம் வந்து சேர்ந்தன.

ரெண்டு நாள் ரெண்டு வருஷம் ஆனது.

விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் மரம் விழுந்து கிடந்தால் ரம்பத்துக்கும் ஆளுக்கும் என்ன கூலி கேட்பார்கள்? மரத்தை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. ஆக, திடலுக்கு வந்த மரம் திடலிலேயே மக்க ஆரம்பித்தது.

மக்கிய தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. ஒருநாள் கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், அரை வட்டமாகச் சுருண்டு கிடந்தன. அது வளர்ந்து வண்டாகிப் பறந்து, பிழைத்து நின்ற மரங்களின் குருத்தைத் துளைத்தது. விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வெட்டு தெரிந்தால் இதன் வேலைதான். பெரிய மரம் தாங்கும். புதிதாக வைத்த கன்று தாங்காது. புயலுக்குத் தப்பிய தோப்பை நான் சேர்த்து வைத்த குவியல் அழிக்கிறது என்று புரிந்தபோது, தோப்புக்காரர் முகத்தில் விழிக்கவே கூசியது. அப்புறம் குருத்தைச் சுற்றி மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வைத்தார்கள். கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்தார்கள்.

கட்டைகளை ஒருவழியாக அப்புறப்படுத்திய பிறகுதான் அடுத்த முட்டாள்தனம். ஜேசிபி வைத்துச் "சமப்படுத்தி"னோம். கண்ணுக்குத் தெரிந்த ஆணியும் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போயின. கபடி மேட் விரித்த களத்தில் ஷூ போட்டு ஆடலாம். மண் களத்தில் எங்கள் பையன்கள் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். முதல் வாரமே ரெய்டு போனவன் ஒருவன் கோட்டைத் தாண்டித் திரும்பும்போது நொண்டிக்கொண்டே உட்கார்ந்தான். குதிகாலில், கூரை ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட்டின் வளைந்த முனை. அவனைச் சேர்த்து மூன்று பேருக்குத் தையலும் டெட்டனஸ் ஊசியும்.

பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் களம் முழுக்க இழுத்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் முள்ளம்பன்றி மாதிரி ஆணி ஒட்டிக்கொண்டு வந்தது. கொத்தனார் சல்லடையில் மண்ணைச் சலித்தோம். அப்போதும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு மிச்சம். காந்தத்துக்கு அது அகப்படாது. காய்ந்த தூளாக மூச்சில் போனால் ஆபத்து. தண்ணீர் தெளித்து ஈரத்தோடுதான் பொறுக்க வேண்டும். கடைசியில் அரை அடி மேல்மண்ணையே வெட்டி எடுத்துவிட்டுப் பன்னிரண்டு டிராக்டர் செம்மண் அடித்தோம். பொங்கல் போட்டிக்கென்று சேர்த்திருந்த பணம் அதிலேயே தீர்ந்தது.

ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர். அவ்வளவுதான் இடம். முதல் நாளே நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். கயிற்றுக்குள் வண்டி வரக்கூடாது என்று காவலுக்கு ஒருவரை உட்கார வையுங்கள். நிவாரண லாரி நிற்க வேண்டுமானால் ஓரமாக நிற்கட்டும். மரத்துக்குத் தோப்புகளை விட்டுத் தள்ளி வேறு இடம் பாருங்கள், அதையும் பிளந்து காயப்போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஆணியைச் சாக்கில் தனியாகப் போடுங்கள்.

இதைத்தான் அந்த வாலிபால் பையன்களிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். டிராக்டர் அடுத்த லோடுக்குப் போனது.

பழைய துணி அனுப்புவது

வேண்டாம்.

கூரையை அப்படியே திரும்பப் போடுவது

காற்று கூரையை அமுக்கிப் பிய்ப்பதில்லை, தூக்கிப் பிய்க்கிறது. ஓரத்திலும் முகட்டிலும்தான் முதலில் கிளம்பும். ஆகவே அங்கே போல்ட் நெருக்கமாக வேண்டும், சட்டத்தை இரும்புப் பட்டையால் சுவரோடு பிடித்துக் கட்ட வேண்டும். எங்கள் ஊரில் புது ஷீட்டைப் பழைய சட்டத்தின் மேல் போட்டு, மேலே நாலு மணல் மூட்டையை வைத்துவிட்டு "இனி அசையாது" என்றார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுவருஷம் கழற்றி மாட்டினோம்.

ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சொருகுவது

டாங்குக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து அப்படியே வீட்டு லைனில் கொடுத்துவிடுகிறார்கள். மெயினைப் பிரிக்காவிட்டால் மின்சாரம் வெளியே போய்க் கம்பத்து லைனில் ஏறும். அங்கே எந்த ஊரிலிருந்தோ உதவிக்கு வந்த லைன்மேன், லைனில் சப்ளை இல்லை என்று நம்பி ஏறியிருப்பார். மோட்டாருக்கு நேராக வயர் கொடுங்கள். வீட்டுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

நனைந்த கபடி மேட்டை வெயிலில் காயவைப்பது

சுருண்டுவிடும். நிழலில் காய வையுங்கள்.

பெண்பிள்ளைகள் பயிற்சியை "அப்புறம் பார்க்கலாம்" என்பது

ஊர் இருக்கிற நிலையில் விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கும் தோன்றியது. பையன்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவர்களே ஒரு மாதத்தில் கிடைத்த சந்தில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பெண்பிள்ளைகளிடம் மட்டும், தெருவிளக்கு எரியட்டும், திடல் சரியாகட்டும் என்றேன். அப்போது பதினோரு பேர் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். திடல் சரியானபோது நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் தண்ணீர்க் குடத்துக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பழகிவிட்டார்கள். இரண்டு பேருக்குக் கல்யாணப் பேச்சே நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் பகல் மூன்று மணிக்கு அரை மணி நேரம் ஆடவிட்டிருக்கலாம். அந்த முற்றத்தில் புயலன்றுகூட ஒரு கிளை விழவில்லை.