தோட்டக் கழிவு லோடுக்கு வாடகை பேசுவது எப்படி: நீலகிரி கணக்கு

குன்னூரிலும் கோத்தகிரியிலும் டாடா ஏஸ் வைத்து தோட்டக் கழிவு அள்ளுபவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டர் பார்த்தே வாடகை சொல்கிறார்கள். சமவெளியில் அது சரி. மலையில் பணத்தைத் தின்பது படிக்கட்டுதான்.

ரோட்டுக்குக் கீழே 40 படி இறங்கித்தான் வீடு என்று வைத்துக்கொள்வோம். முக்கால் டன் ஈரமண்ணை 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 30 மூட்டை. மேலே ஏறி, கொட்டி, திரும்பி வர ஒரு மூட்டைக்கு 4 நிமிடம். மொத்தம் 120 நிமிடம். இரண்டு ஆள் என்றாலும் மூச்சு வாங்கும் நேரத்தோடு ஒன்றரை மணி. அதே மண் கேட் ஓரத்தில் கிடந்தால் அரை மணிகூட ஆகாது. அதனால் ரேட் சொல்லும் முன் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் கேளுங்கள்: குவியலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது ஒன்று, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வழி தெரிவது ஒன்று. இரண்டாவதை யாரும் தாமாக அனுப்ப மாட்டார்கள்.

அடுத்து எடை. ஏஸ் தொட்டி ஏறக்குறைய 7 அடிக்கு 4¾ அடி. ஈரமண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. அரை அடி உயரம் பரப்பினாலே வண்டிக்குப் போதுமான முக்கால் டன் வந்துவிடும். தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று வீட்டுக்காரர் இன்னும் போடச் சொல்வார். போட்டால் கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாகும். சைப்ரஸ் வேலிக் கழிவு, உண்ணிச்செடி, தேயிலைக் கவாத்துக் குச்சி எல்லாம் நேர்மாறு: எடை வருவதற்குள் இடம் நிறைந்துவிடும். மூன்றடித் துண்டாக வெட்டி மிதித்தால் இரண்டு நடை ஒன்றாகும். வெட்டுகிற கூலியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கணக்கு இப்படி (தொகைகள் மாதிரிக்கு): டீசல் 200, இரண்டு ஆள் 900, டிரைவர் 400, டயர்-பிரேக்-டியூ 400, கொட்டும் இடம் 100. அடக்கம் 2,000 ரூபாய். வாங்கும் தொகையில் கால் பங்கு லாபம் நிற்க, 2,000-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 2,667, அதாவது 2,700. பலர் 25 சதவீதம் கூட்டி 2,500 சொல்கிறார்கள். அதில் நிற்பது ஐந்தில் ஒரு பங்குதான். டீ, வடை, பஞ்சர் எல்லாம் அந்த இடைவெளியில்தான் போகும்.

ஏப்ரல், மே சீசனில் ஊட்டி ரோட்டில் நிற்கும் நேரத்துக்குத் தனியாகப் போடுங்கள், அல்லது காலை ஏழு மணிக்கே லோடு ஏற்றிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் இலைக்குப்பை நனைந்து எடை கூடியிருக்கும், அதற்குப் பழைய ரேட் வேண்டாம்.

குவியலில் மரத்துண்டு இருந்தால் வெட்ட அனுமதி வாங்கிய தாளைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. மண்ணை ஓடையில் தள்ளினால் கொட்டும் செலவு மிச்சம்தான், ஆனால் அடைத்த தண்ணீர் அடுத்த மழையில் கீழ்வீட்டுச் சுவரை இடிக்கும்.

பேசி முடித்ததும் எழுதி அனுப்புங்கள்: “ஒரு லோடு, இலை-குச்சி மட்டும், 40 படி, 2,700. மண், கண்ணாடி, பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் தனி.” பாதிப் பணம் வண்டி அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன், மீதி லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியதும்.