ஓபரா ஹவுஸ்ல ஆர்கெஸ்ட்ரா கேக்கப் போறீங்களா? டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கோங்க

1778ல தொறந்த மிலான் லா ஸ்காலா மாதிரி பழைய ஹால் எல்லாம் உள்ள குதிரை லாடம் ஷேப்ல இருக்கும், சுத்தி மாடி மாடியா குட்டி குட்டி பாக்ஸ், அதாவது சில சேர் மட்டும் போட்ட தனித்தனி தடுப்பு. போட்டோல பாக்க செமையா இருக்கும், ஆனா சைடு பாக்ஸ்ல பின்னாடி சேர் கெடைச்சா பாதி ஸ்டேஜ் தெரியாது, முன்னாடி உக்காந்திருக்கவர் தலைதான் தெரியும். அதனால பாக்ஸ்னா முதல் வரிசையான்னு பாத்து எடுங்க, இல்லன்னா பேசாம மேல கேலரில நடுவுல எடுத்துடுங்க. விலையும் கம்மியா இருக்கும், சவுண்டும் மேல நல்லாவே வரும், என்ன, படி ஏறணும்.

அப்புறம் கைதட்டல். ஒரு சிம்பனில பெரும்பாலும் நாலு பகுதி இருக்கும், நடுவுல கேப் விடுவாங்க, அப்ப தட்டாம இருக்குறதுதான் இப்ப வழக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியோட ஆறாவது சிம்பனில மூணாவது பகுதி முடியுறப்ப அவ்ளோ அதிரடியா இருக்கும், எல்லாம் முடிஞ்சிருச்சுன்னே தோணும், ஆனா அதுக்கப்புறம்தான் அந்த சோகமான கடைசி பகுதியே வரும். பீத்தோவன் அஞ்சாவதுல மூணும் நாலும் கேப்பே இல்லாம ஒண்ணா ஓடிரும், அப்ப எண்ணிட்டு உக்காந்திருந்தாலும் கணக்கு தப்பும். ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னாடி நின்னு கையசைச்சு நடத்துற கண்டக்டர் கையை முழுசா கீழ இறக்கட்டும், அப்புறம் தட்டுங்க.

லேட்டா மட்டும் போயிடாதீங்க. கதவை சாத்திட்டா அந்தப் பீஸ் முடியுற வரைக்கும் வெளியதான் நிக்கணும். இருமல் மிட்டாய் கொண்டு போனா கவரை முன்னாடியே பிரிச்சு வச்சுக்கோங்க, அந்த சரசர சத்தம் அந்த ஹால்ல நாலு வரிசைக்குக் கேக்கும்.