போர் தண்ணீர் மஞ்சளானால்

சென்னை தண்டையார்பேட்டைக்கு வாடகைக்கு வந்த புதிதில் ஒரே குழப்பம். போர்வெல் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் குடம் முழுக்க டீ டிகாஷன் நிறம். அது இரும்புதான். நிலத்தடியில் கரைந்து கிடக்கிற இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரிகிறது. அதனால் டீ ஆற்றுகிற மாதிரியே ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உயரத்திலிருந்து ஏழெட்டு தடவை ஊற்றி, ராத்திரி முழுக்க மூடி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் செம்மண் சேறு மாதிரி படிந்திருக்கும். கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் நாலாக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டினால் துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஆகும். என் வெள்ளைச் சட்டைகள் இப்படித்தான் தப்பித்தன.

குடிக்க வேண்டாம். கடலோரம் என்பதால் காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. கொதிக்க வைத்தால் அது போய்விடும் என்று எதிர்வீட்டு அக்கா இன்னமும் சொல்கிறார். கொதித்தால் கிருமிதான் சாகும், தண்ணீர் ஆவியாவதால் உப்பு கொஞ்சம் கூடவே செய்யும்! உப்பு போக ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷின் வேண்டும். அடி பம்பில் வருகிற மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் என்றால் முதல் இரண்டு குடத்தைக் கழுவுவதற்கு வைத்துக்கொண்டு, மீதியை வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். அப்புறம், சாக்கடை வாடை அடித்தால் கொதிக்க வைக்கிற வேலையே வேண்டாம், குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916க்கு போன் போடுங்கள்.