பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கமிட்டி: புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஊரில் ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்போம். அந்தப் பழக்கத்தை ஜோலார்பேட்டையிலேயே இறக்கிவைத்துவிட்டு ரயிலேறுங்கள். பெங்களூரில் நம் பேட்டைக்கு என்ன சிகிச்சை வேண்டும் என்று நோயாளிகளே உட்கார்ந்து சொல்ல ஏற்கெனவே இடம் இருக்கிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறையாக இருக்கும் நம்மவர்கள்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

குடிசைப் பகுதிகளில் 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கிய சமிதி. வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா ஊழியர்தான் செயலர், ஆண்டுக்கு 5,000 ரூபாய் அன்டைட் ஃபண்ட், அதாவது இன்ன செலவுக்கென்று முன்கூட்டியே கட்டிவைக்காத பணம். நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது ஆரோக்கிய ரக்ஷா சமிதி; நம் ஊர் நோயாளர் நலச் சங்கம் மாதிரி. சேர வழி ஆஷாதான். முதலில் அவருடைய வீட்டுக் கணக்கில் உங்கள் குடும்பம் ஏறட்டும்.

இனி, ஆள் ஆளாக விழும் குழி. சமிதிக் கூட்டத்தில் டாக்டர் தலையாட்டுவார், "ஆயித்து, மாடோணா" (ஆகட்டும், செய்வோம்) என்பார், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் பெஞ்சும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. டாக்டர் பொய் சொல்லவில்லை. நடவடிக்கைப் புத்தகத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தாகாத செலவுக்கு அவர் செக் போட்டால் ஆடிட்டில் மாட்டுவது அவர்தான். அதனால் எழுந்திருக்கும் முன்பே, என்ன பொருள், எத்தனை, எவ்வளவு ரூபாய், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். "குடிநீர் வசதி செய்யப்படும்" என்ற வரியால் காசு நகராது. "20 லிட்டர் வடிகட்டி ஒன்று, புறநோயாளி வரிசைக்குப் பக்கத்தில்" என்றால் நகரும். பக்கத்தை அங்கேயே போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்கு.

அடுத்த குழி, தப்பான இடத்தில் கேட்பது. அன்டைட் ஃபண்டில் சின்ன ரிப்பேர், துப்புரவு, நாற்காலி, அறிவிப்புப் பலகை நடக்கும். சம்பளம் நடக்காது. 'நம்ம கிளினிக்' என்ற பெயரில் கர்நாடக அரசு நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி பொதுவாகக் காலை 9 முதல் மாலை 4.30 வரை, கட்டட வேலைக்கும் கார்மென்ட்சுக்கும் போகிறவர் எப்போது போவார்? நியாயமான கேள்வி. ஆனால் மாலை நேர ஓ.பி.க்கு ஆள் போட வேண்டும். அது தேசிய நலவாழ்வு இயக்கத்துக்கு மாநிலம் அனுப்பும் திட்ட வரைவில் ஏறினால்தான் உண்டு. இப்போது அந்த வரைவு 2022-24, 2024-26 என்று இரண்டாண்டுக்கு ஒன்றாகப் போகிறது. நிதியாண்டு முடியும் மார்ச்சில் போய் நின்றால் பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை. முந்தைய மழைக்காலத்திலேயே தீர்மானம் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி, ஒப்புகைச் சீல் போட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் தீர்மானம் போதாது, கணக்கு வேண்டும். பதினைந்து நாள் ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, மூடியபின் வந்து திரும்பியவர் எத்தனை, இல்லை என்ற மருந்து எது, வெளியே எடுத்த டெஸ்டுக்கு எவ்வளவு. நம்ம கிளினிக்கில் 14 வகைப் பரிசோதனை இலவசம். அந்தப் பட்டியலில் உள்ளதற்கே வெளியே காசு கொடுத்திருந்தால் ரசீதைச் சேர்த்து வையுங்கள். அதைவிடக் கனமான சாட்சி கிடையாது. ஆனால் நோட்டில் நோயாளி பெயரும் வியாதியும் வேண்டவே வேண்டாம். காசநோய், எச்.ஐ.வி. விஷயம் சந்தில் பரவினால் வீட்டையே காலிபண்ணச் சொல்வார்கள்.

மனு கன்னடத்தில், ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. தமிழ்ப் பலகை கேட்காதீர்கள். எனக்கும் மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் பேச்சு மொழிச் சண்டைக்குத் திரும்பி மருந்து பின்னால் போய்விடும். மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா படம் கேளுங்கள். தமிழ் பேசும் ஆஷா கேளுங்கள். படிக்கத் தெரியாத கன்னடப் பாட்டிக்கும் அந்த நிலா உதவும், மறுக்க ஆளிருக்காது. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பழைய 198 வார்டு எண்ணை நம்பாமல் நிலையத்தின் பெயரையே எழுதுங்கள்.

அப்படியும் அசையவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவுக்கு ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் போல கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டாதீர்கள், இங்கே செல்லாது. தபாலாபீசில் போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள். நடவடிக்கைப் புத்தக நகல் ஒரு மனுவில், அன்டைட் ஃபண்ட் வரவு செலவு வேறொரு மனுவில். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு; அதற்கும் கெடு 30 நாள்தான்.